நெசவுப் பயிற்சிக்குத் தூக்கிச் செல்லும் மேசைத் தறியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் மகளிர் குழுக் கூடங்களிலும் ஓரிரு நாள் நெசவுப் பயிற்சி நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழித்தறி இருந்த இடத்தை விட்டு நகராது. சட்டத்தறியைப் பிரித்துப் பூட்டவே ஒரு நாள் போய்விடும். ஆகவே ஊர் ஊராகச் செல்பவருக்கு மேசைத் தறிதான் வழி. ஆனால், புதிதாக வாங்க வருபவர்கள் பெரும்பாலும் தறியை முதலில் பார்த்து, பிடித்துப்போய், முன்பணமும் கொடுத்துவிட்ட பிறகுதான் அதில் யார் உட்காரப் போகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காரப் போகிறார்கள் என்பதை யோசிக்கிறார்கள். பயிற்சித் தறியில் உட்காரப்போகிறவர் நீங்கள் அல்லர். குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை வாழ்நாளில் தொட்டே பார்க்காத ஒருவர். அவரிடமிருந்து தொடங்கினால் மற்ற முடிவுகள் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

இழுப்பளவு நாடா, ஓர் அடி அளவுகோல், எடைத் தராசு, நெய்ய நினைத்திருக்கும் நூலில் ஒரு கண்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கீழுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியின் விடைதான் அடுத்த படியின் கேள்வி.

1. நேரத்தையும் ஆட்களையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

பயிற்சி எத்தனை மணி நேரம், ஒரு தறிக்கு எத்தனை பேர், உதவிக்கு ஆள் உண்டா என்ற மூன்றையும் தாளில் எழுதுங்கள். ஒரு நாள் பயிற்சியில் அறிமுகம், சாப்பாடு, இடைவேளை எல்லாம் போக, ஒருவர் உண்மையில் நெய்வதற்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. பாவு (நீளவாட்டு இழைகள்) போட்டு, விழுதில் (இழைகளைத் தூக்கும் கண்ணிகள்) கோத்து, அச்சில் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற பகுதி) இழுத்து, இறுக்கிக் கட்டும் வேலையை அந்த மூன்று மணிக்குள் அடக்க முடியாது. எனவே ஒரு நாள் பயிற்சிக்குப் பாவு ஏற்றிய தறியே செல்ல வேண்டும். அதாவது, பாவோடு மடித்து எடுத்துச் செல்லக்கூடிய தறி உங்களுக்குத் தேவை. மூன்று நாள் பயிற்சியென்றால் பாவு போடுவதையும் கற்றுக்கொடுக்கலாம். அப்போது தறியின் தேவை மாறிவிடும்.

ஒரு பயிற்றுநரால் ஐந்து அல்லது ஆறு தறிகளுக்கு மேல் சரியாகக் கவனிக்க இயலாது என்பது என் கருத்து. ஒரு தறியில் இழை அறுந்து அதைச் சரிசெய்யும் நேரத்தில், அடுத்த தறியில் இருப்பவர் விட்டுப்போன ஊடையின் (குறுக்கு இழையின்) மேலேயே நெய்துகொண்டு போய்விடுவார். ஒரு தறிக்கு இருவர் என்று அமர்த்தி, ஒருவர் நெய்யும்போது மற்றவர் நாடாவில் நூல் சுற்றும்படி செய்தால், குறைந்த தறிகளில் கூடுதல் பேருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

2. நெய்யப்போகும் துணியை முடிவுசெய்யுங்கள்

செட்டிநாட்டில் பயிற்சி என்றவுடன் பலர் கேட்பது கண்டாங்கிதான். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்த விருப்பம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால், மேசைத் தறியில் சேலை நெய்ய முடியாது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சேலையின் அகலமும் இழை நெருக்கமும் இந்தத் தறியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கண்டாங்கியின் கட்டங்களையும், அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமான அதன் நிறங்களையும், ஒரு கைப்பைத் துணியிலோ மேசை விரிப்பிலோ கொண்டுவரலாம். பயிற்சிக்கு அதுவே நிறைவான துணி. கட்டம் போடுகையில் நிறம் மாற்றவும் ஓரம் காக்கவும் ஊடைகளை எண்ணவும் ஒருசேரப் பழகிவிடலாம்.

அப்படி நெய்ததை விற்க நினைத்தால் கண்டாங்கி என்று பெயரிடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் பதிவுபெற்ற பயனாளர்களே பயன்படுத்தலாம். கட்டம் போட்ட பருத்தித் துணி என்றே சொல்லுங்கள்.

கட்டமும் கோடும் சாதா நெசவில், அதாவது ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்ற நெசவில் வருபவை. அதற்கு இரண்டு விழுதுச் சட்டங்கள் போதும். சாய்வரி நெசவோ வைர வடிவமோ வேண்டுமென்றால் நான்கு சட்டம் தேவைப்படும். இதை இப்போதே முடிவுசெய்யாவிட்டால், ஒருபோதும் பயன்படாத சட்டங்களுக்குப் பணத்தையும் எடையையும் கொடுக்க நேரும்.

3. நூலைத் தேர்ந்து, அதிலிருந்து அச்சைக் கணக்கிடுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் படி இது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

நெய்ய நினைத்த நூலை அளவுகோலில் இழையோடு இழை ஒட்டும்படி, நெருக்கிப் பிதுக்காமல், ஓர் அங்குலத்துக்குச் சுற்றுங்கள். எத்தனை சுற்று வருகிறதோ அதில் பாதிதான் சாதா நெசவுக்கு ஓர் அங்குலத்தில் வேண்டிய பாவிழை. மறுபாதி இடம் ஊடைக்கு உரியது. 24 சுற்று வந்தால் அங்குலத்துக்கு 12 இழை.

தொடக்கநிலையினருக்கு அங்குலத்துக்கு 10 முதல் 12 இழை வரும் தடிமனான நூலே ஏற்றது. இழை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். தவறு நேர்ந்தால் அந்த இடத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்று மணி நேரத்தில் கையில் எடுத்துச் செல்ல ஒரு துண்டுத் துணியும் கிடைக்கும். 2/10 பருத்தி நூலில் (10ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது) இரண்டு இழைகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தினால் ஏறக்குறைய இந்தத் தடிமன் வந்துவிடும். மெல்லிய நூல்தான் உயர்ந்தது என்று எண்ணி 2/40 நூலைத் தேர்ந்துவிட்டு, மாலை வரை நெய்தும் நான்கு விரல் துணி மட்டுமே வந்ததென்று மனம் சோர்ந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அச்சு. நம் கடைகளில் அச்சின் நம்பர் 2 அங்குலத்தில் உள்ள பல்லிடைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். இது ஸ்டாக்போர்ட் முறை. 40ஆம் நம்பர் அச்சில் ஓர் அங்குலத்துக்கு 20 பல்லிடைகளே இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு இழை கோத்தால்தான் அங்குலத்துக்கு 40 இழை வரும். வெளிநாட்டுத் தறிகளோடு வரும் அச்சிலோ ஓர் அங்குலத்துக்கு இத்தனை என்றோ, 10 சென்டிமீட்டருக்கு இத்தனை என்றோ எழுதியிருப்பார்கள். அங்குலத்துக்கு 12 இழை தேவைப்படுபவர் நம் கடையில் 12ஆம் நம்பர் அச்சு கேட்டு வாங்கிவந்து, பல்லிடைக்கு ஓர் இழையாகக் கோத்தால், அங்குலத்துக்கு 6 இழைதான் நிற்கும்; துணி சல்லடையாகிவிடும். அவர் கேட்டிருக்க வேண்டியது 24ஆம் நம்பர். எந்த அச்சு கைக்கு வந்தாலும் அதில் எழுதியிருப்பதை நம்பாமல், அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தின் பல்லிடைகளை எண்ணிப் பாருங்கள்.

4. அகலத்தைக் குறைவாகவே தேர்ந்தெடுங்கள்

மேசைத் தறிகள் பொதுவாக 16, 24, 32 அங்குல நெசவு அகலங்களில் கிடைக்கின்றன. பயிற்சிக்கு 16 அங்குலம் போதும் என்பதே என் முடிவு. அகலம் கூடக்கூட மூன்று தொல்லைகள் சேர்ந்து வரும். இழைகள் பெருகுவதால் கோக்கும் நேரம் நீளும். புதியவர் ஊடையை இழுத்துப்பிடிப்பதால் துணியின் ஓரம் உள்வாங்குவது அதிகமாகும். தறியின் வெளியளவோ நெசவு அகலத்தைவிட ஐந்தாறு அங்குலம் கூடுதலாக இருக்கும் என்பதால், 24 அங்குலத் தறி இரண்டு பேர் உட்காரும் பள்ளி மேசையை ஒருவருக்கே உரியதாக்கிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 11 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 12 இழை என்றால் 132 இழை. ஓர் அங்குலக் கட்டங்களாக அரக்கில் 6, கடுகு நிறத்தில் 5 என்று வைத்தால் இரு ஓரங்களும் அரக்கில் முடியும். நிமிடத்துக்கு இரண்டு இழை கோத்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதே அகலத்தில் அங்குலத்துக்கு 40 இழை என்றால் 440 இழை. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். அகலமும் நெருக்கமும் சேர்ந்து உங்கள் முந்தைய நாள் இரவை எப்படி விழுங்கும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

5. இப்போது தறியின் வகைக்கு வாருங்கள்

முதல் வகை ரிஜிட் ஹெடில் தறி. அச்சும் விழுதும் ஒரே சட்டமாக அமைந்தது. அதில் துளை ஒன்று, நீள இடைவெளி ஒன்று என்று மாறிமாறி வரும். சட்டத்தை மேலே ஏற்றி வைத்தால் ஒரு வாய், அதாவது நாடா நுழையும் இடைவெளி, திறக்கும். கீழே இறக்கினால் மறு வாய் திறக்கும். அதே சட்டத்தால் ஊடையை அடித்து நெருக்கலாம். பகுதிகள் குறைவு என்பதால் கெடுவதும் குறைவு. 16 அங்குல அளவில் நான்கைந்து கிலோவுக்குள் அடங்கும். இதன் குறை நெருக்கத்தில் இருக்கிறது. அங்குலத்துக்கு 12 இழைக்கு மேல் செல்லும் சட்டங்கள் எளிதில் கிடைப்பதில்லை. நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்டு, அமெரிக்காவின் ஷாக்ட் ஆகிய நிறுவனங்களின் சில தறிகள் பாவோடு மடியக்கூடியவை. ஒரு நிறுவனத்தின் சட்டம் இன்னொன்றின் தறியில் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். வெளிநாட்டுத் தறி வாங்கினால், கூடுதல் சட்டங்களையும் அதே ஆணையில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வகை நான்கு சட்ட மேசைத் தறி. மேலேயோ பக்கத்திலோ நான்கு கைப்பிடிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு விழுதுச் சட்டத்தைத் தூக்கும். அச்சு தனிப் பலகையில் தொங்கும். மிதி கிடையாது. வடிவ நெசவுகளைக் கற்பிக்க இது வேண்டும். ஆனால், சாதா நெசவுக்கே ஒவ்வோர் ஊடைக்கும் இரண்டு கைப்பிடிகளை ஏற்றி இரண்டை இறக்க வேண்டியிருப்பதால் புதியவர் குழம்புவார். 1, 3 ஆகிய கைப்பிடிகளில் சிவப்பு ஒட்டுப்பட்டையும் 2, 4 ஆகியவற்றில் மஞ்சள் ஒட்டுப்பட்டையும் ஒட்டி, சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று வாயால் சொல்லிக்கொண்டே நெய்யச் சொன்னால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எட்டுச் சட்டத் தறியைப் பயிற்சிக்கு வாங்க வேண்டாம். அது வடிவமைப்பாளரின் தனி வேலைக்கு உரியது.

ஒருநாள் பயிற்சி மட்டுமே நடத்துபவர் ரிஜிட் ஹெடில் தறிகளையே வாங்கலாம். மூன்று நாளும் அதற்கு மேலும் நடத்துபவர் ஒரு நான்கு சட்டத் தறியைச் செய்துகாட்டுவதற்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை ரிஜிட் ஹெடிலாக வைத்துக்கொள்வது செலவுக்கும் சுமைக்கும் நல்லது.

6. தறி போய்ச்சேரும் இடத்தை அளந்து பாருங்கள்

கடையில் தூக்கிப் பார்க்கும்போது 12 கிலோ பெரிதாகத் தெரியாது. செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் ஏற்றி, முகப்புப் படியேறி, உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டி, வளவைக் கடந்து இரண்டாம் கட்டுக்குப் போய்ச்சேரும்போதுதான் அந்தப் பன்னிரண்டின் கனம் புரியும். அதுவும் ஐந்து தறிகளுக்கு ஐந்து நடை. ஒருவர் ஒரு கையால் தூக்கி, மறுகையால் கதவைத் திறக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது நகர்த்தக்கூடிய தறிதானே ஒழிய, தூக்கிச் செல்லும் தறி ஆகாது.

அடுத்துத் தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாசாலையில் மேசை போட்டு நெய்யும்போது நடப்பதைச் சொல்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் மிக ஆர்வமாக நெய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை பலகையை இழுத்து அடிக்கும்போதும் தறி மேசைமேல் அரை விரற்கடை அவரை நோக்கி வழுக்கியது. வழுவழுப்பான தரையில் மேசையும் கூடவே நகர்ந்தது. அவர் இடக்கையால் தறியைத் தள்ளிப் பிடித்தபடி வலக்கையாலேயே நாடாவை விட்டு, அதே கையால் அடிக்கவும் செய்தார். அரை மணி நேரத்தில் துணியின் இடது ஓரம் தளர்ந்து, வலது ஓரம் இறுகிவிட்டது. கோளாறு நெய்தவரிடம் இல்லை. தறி நிற்கவில்லை, அவ்வளவுதான். தறியின் நான்கு கால்களுக்கு அடியிலும் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள். மேசைக் கால்களுக்கும் அதையே செய்யுங்கள். ஜமுக்காளத்தை விரித்து அதன்மேல் மேசை போடுவதால் பயனில்லை, ஜமுக்காளமே வழுக்கும்.

தறியை மேசையோடு இறுக்கும் கிளாம்பு மிக உறுதியான தீர்வுதான். ஆனால் பழைய வீடுகளில் இருக்கும் தேக்கு மேசையில் கிளாம்பு பதிந்து தழும்பு விழுந்தால் வீட்டுக்காரர் வருந்துவது நியாயம். அங்கே கிளாம்பு போடாதீர்கள். சொந்தமாக மடிப்பு மேசை எடுத்துச் செல்லுங்கள். அந்த வீடுகளில் கிடைக்கும் சாய்வான கணக்கு மேசை பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், சாய்தளத்தில் தறி நிற்காது.

மூன்றாவது உயரம். சாதாரண மேசை 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் வைத்த தறியின் முன்கட்டை இன்னும் 12 முதல் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் முழங்கையோ தரையிலிருந்து 65 முதல் 70 சென்டிமீட்டரில் இருக்கும். இதனால் தோளைத் தூக்கிக்கொண்டே நெய்ய வேண்டிவரும். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். முன்கட்டை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. எனவே மேசை 50 முதல் 58 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் உயரமான இருக்கையோ தடித்த திண்டோ வேண்டும்.

7. பணம் கொடுக்கும் முன் கையால் சோதியுங்கள்

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நேரில் சென்று, முடிந்தால் பாவு ஏற்றிய நிலையில் பாருங்கள். சோதனைகளை இந்த வரிசையில் செய்தால், பெரிய குறை முதலிலேயே தெரிந்துவிடும்.

தறியைச் சமதளத்தில் வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டு அளவுக்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் சட்டம் கோணலாக உள்ளது. கோணல் தறியில் பாவின் ஒரு பக்கம் எப்போதும் தளர்ந்தே நிற்கும். வேறு எதைச் சரிசெய்தாலும் அது போகாது.

பிறகு பாவு உருளையையும் துணி உருளையையும் இறுக்கிவிட்டு, இறுகிய இழைகளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். பற்சக்கரமும் அதைத் தடுக்கும் நாக்கும் ஒரு பல்கூட நழுவக் கூடாது. பற்கள் பெரிதாக இருந்தால், ஒரு பல் போதாமலும் இரண்டு பல் அதிகமாகவும் இருக்கும். சிறிய, நெருக்கமான பற்களே விரும்பத்தக்கவை. மரத்தில் செதுக்கிய பற்சக்கரத்தைவிட இரும்பு நல்லது.

இப்போது வாயைத் திறந்து, அச்சுக்கு முன்னால் இடைவெளியை அளங்கள். பட்டை நாடாவின் உயரம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். புதியவரின் கை நடுங்கும் என்பதையும் சேர்த்து நான்கு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும். வாய் சிறியதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தறியின் ஆழக்குறைவுதான். முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் இடையே தூரம் குறைந்தால், இழைகள் செங்குத்தாக வளைந்து இறுகும். வாய் திறக்காது, இழையும் அறும். நான்கு சட்டத் தறியில் இந்தத் தூரம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். கச்சிதம் என்று விற்கப்படும் மிகக் குட்டைத் தறிகள் இந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

ஒவ்வொரு கைப்பிடியையும் இருபது முறை ஏற்றி இறக்குங்கள். சட்டம் தன் எடையாலேயே திரும்ப இறங்க வேண்டும். நீங்கள் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தால் வழித்தடம் இறுக்கமாக இருக்கிறது. விழுது கம்பியா நூலா என்றும் பாருங்கள். கம்பி விழுது நெடுநாள் உழைக்கும், ஆனால் கனமும் சத்தமும் உண்டு. ஆறு தறிகள் ஒரே கூடத்தில் ஓடும்போது அந்தச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது. பாலியஸ்டர் விழுது இலேசானது, சத்தமில்லாதது. எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு சட்டத்திலும் தேவைக்கு மேல் பத்துப் பதினைந்து விழுதாவது மிச்சம் இருக்கட்டும்.

கடைசியாக, பாவோடு மடித்து, ஒரு முறை தூக்கி நடந்து, மீண்டும் விரித்துப் பாருங்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் பழைய இறுக்கத்துக்குத் திரும்பினால்தான் அது மடிப்புத் தறி. பூட்டும் திருகுகள் கையால் திருப்பும் சிறகுத் திருகுகளா, ஸ்பானர் தேவைப்படுபவையா என்பதையும், அவை காரைக்குடி இரும்புக்கடையில் கிடைக்கும் அளவா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஒரு திருகு தொலைந்ததால் ஒரு தறி முழு நாளும் சும்மா நிற்பது பெரிய இழப்பு.

8. ஆசாரியிடம் செய்ய நினைத்தால்

உள்ளூர் ஆசாரியிடம் செய்வது நல்ல வழி. பழுதுபார்க்க ஆள் பக்கத்திலேயே இருப்பார். ஆனால், படத்தைக் காட்டி இதுபோல் செய்யுங்கள் என்று சொன்னால் போதாது. தறி பார்த்தறியாத ஆசாரி பெட்டியைப்போல் கனமாகச் செய்துவிடுவார். ஒரு மாதிரித் தறியையோ, எல்லா அளவுகளையும் எழுதிய வரைபடத்தையோ கொடுங்கள்.

மரம் பதப்பட்டதாக இருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது முறுகும். உருளை வளைந்தால் தறி வீண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் இடிந்த வீடுகளின் தேக்கு உத்திரமும் சட்டமும் கிடைக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்த அந்த மரம் இனி முறுகாது என்பதால் உருளைகளுக்கு மிக ஏற்றது. ஆனால், ஆணியும் பூச்சி அரித்த இடமும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து எடுங்கள். தறி முழுவதையும் தடித்த தேக்கில் செய்தால் கனம் கூடும். சட்டங்களை மெல்லியதாக இழைக்கச் சொல்லுங்கள். அச்சையும் பற்சக்கரத்தையும் அவரிடம் செய்யச் சொல்லாதீர்கள். அவற்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அவற்றின் அளவுக்கு ஏற்பத் தறியைச் செய்யச் சொல்வதே சரியான வரிசை.

9. ஒன்றே ஒன்று வாங்கி ஒத்திகை பாருங்கள்

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று விற்பவர் சொல்வார். இருந்தாலும் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். நெசவு அறியாத ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் கைகட்டிக்கொண்டு பாருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தக் கைப்பிடியைத் தவறாகத் தொடுகிறார், எப்போது எழுந்து முதுகை நிமிர்த்துகிறார் என்பதெல்லாம் தறியைப் பற்றி விற்பவர் சொல்லாத செய்திகள். தேர்ந்த நெசவாளரிடம் கொடுத்து ஒத்திகை பார்ப்பது இங்கே உதவாது. தறியின் குறையை அவருடைய கை தானாகவே ஈடுகட்டிவிடும். உங்களுக்கு எதுவும் தெரியவராது.

10. பாவின் நீளத்தைக் கணக்கிட்டு, உடன் வேண்டியவற்றை வாங்குங்கள்

தறியின் விலையோடு செலவு முடிவதில்லை. பாவு போடும் சட்டம், இழை வரிசை கலையாமல் காக்கும் குறுக்குக் கோல்கள், கோக்கும் கொக்கி, தறிக்கு மூன்று பட்டை நாடாக்கள், பாவு சுற்றும்போது இடையில் வைக்கத் தடித்த தாள் ஆகியவை வேண்டும். கட்டம் போட ஒரு நிறத்துக்கு ஒரு நாடா என்பதால் ஒரே நாடாவோடு வரும் தறி போதாது.

பாவின் நீளத்தை இப்படிக் கணக்கிடலாம். ஒரு தறியில் நான்கு பேர் அடுத்தடுத்து, ஆளுக்கு 45 சென்டிமீட்டர் நெய்வதாகக் கொள்வோம். துணி 180, துணிகளுக்கு இடையே வெட்டுவதற்குப் பத்துப் பத்தாக 30, நெசவில் பாவு சுருங்குவதற்கு நூற்றுக்குப் பத்து வீதம் 21, தறியின் முன்னும் பின்னும் நெய்ய முடியாமல் நின்றுபோகும் பாவு 60. மொத்தம் 291, ஆகவே 3 மீட்டர். 132 இழைக்கு 396 மீட்டர். இரண்டிரண்டாகச் சேர்ப்பதால் 792 மீட்டர். 2/10 நூல் ஒரு கிலோ ஏறத்தாழ 8,460 மீட்டர் வருவதால், பாவுக்கு 100 கிராமுக்குள் முடிந்துவிடும். ஊடைக்கும் அதே அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோகும் அந்த 60 சென்டிமீட்டர் ஒருவருக்கு நெய்தாலும் நால்வருக்கு நெய்தாலும் மாறாது. ஆளுக்கு ஒரு பாவு என்று தனித்தனியாகப் போட்டால் பாதிக்கு மேல் நூல் வீணாகும். பயிற்சி முடிந்ததும் பாவை அடியோடு வெட்டி எடுத்துவிடாமல், விழுதிலும் அச்சிலும் உள்ள இழைகளை ஒரு சாண் விட்டு முடிந்து வையுங்கள். அடுத்த பயிற்சிக்குப் புதிய பாவை அவற்றோடு ஒவ்வோர் இழையாகப் பிணைத்து இழுத்துக்கொள்ளலாம். கோக்கும் வேலை முழுவதும் மிச்சமாகும். நம் நெசவாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறைதான் இது. மேசைத் தறி வாங்கியவர்கள் பலர் இதை அறியாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோத்துக் களைத்துப்போகிறார்கள்.

11. பருவத்துக்கேற்பத் தறியைப் பேணுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதி, சட்டங்கள் வழித்தடத்தில் சிக்கும். மெழுகுவத்தியை வழித்தடத்தில் தேய்த்தால் போதும். எண்ணெய் போடாதீர்கள், நூலில் கறை ஏறும். சித்திரை, வைகாசியில் பருத்தி நூல் உலர்ந்து எளிதில் அறும். நன்கு பிழிந்த ஈரத்துணியைப் பாவுக்கு அருகில் தொங்கவிட்டால் இழை தாங்கும். அந்த வெயிலில் தறியைக் காருக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒட்டுப்பலகைப் பகுதிகள் பிரிந்துவிடும்.

வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் பாவின் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் உருளை வளையும். ஒவ்வொரு தறிக்கும் எண் இட்டு, அதன் அச்சு, நாடா, திருகுகள் ஆகியவற்றை அதே எண் எழுதிய துணிப்பையில் போட்டுத் தறியோடு கட்டிவிடுங்கள். திருகில் இரண்டும், விழுதில் பத்தும், முன்கட்டையோடு பாவைக் கட்டும் கயிறும் அந்தப் பையில் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.